சூரியனுக்கு முன் சிக்கனம்!

2024 ஜூன் 1-ஆம் தேதி மக்களவைத் தேர்தலின் இறுதிக் கட்ட வாக்குப்பதிவு நடந்தது. அந்த ஒரே நாளில், உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்த 33 பேர் கடும் வெப்பத்துக்குப் பலியானதாக அந்த மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். பாதுகாப்புப் பணியாளர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் அவர்களில் அடக்கம். அதற்கு இரண்டு நாள்களுக்கு முன்பு, மே 30-ஆம் தேதி, இந்தியாவின் மின்தேவை அதுவரை காணாத உச்சமாக 2.5 லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. ஜூன் 19-ஆம் தேதி தலைநகர் தில்லியின் தேவை 8,656 மெகாவாட் என்கிற உச்சத்தை எட்டியது. இது வட மாநிலங்களுக்கு மட்டுமேயான பிரச்னை அல்ல. அதே ஆண்டு மே 2-ஆம் தேதி தமிழகத்தின் மின்தேவையும் 20,830 மெகாவாட் என்று புதிய அளவைத் தொட்டிருந்தது.

வெப்பம் ஒருபுறம் உயிர்களைப் பறிக்கிறது. அந்த வெப்பத்திலிருந்து தப்பிக்க நாம் நாடும் குளிர்சாதன இயந்திரங்கள், மறுபுறம் மின்கட்டமைப்பின் மூச்சைத் திணறடிக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. வீட்டுக் கூரையில் சிறிய அளவில் சூரிய மின்சாரம் தயாரித்து, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் குளிர்சாதனத்தை அதைக்கொண்டு இயக்குவதுதான் அது. அதற்கான தொழில்நுட்பமும் இருக்கிறது, அரசின் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால், அந்தத் திட்டங்கள் ஒன்றை ஒன்று அறியாதவை போலத் தனித்தனியே நடைபோடுகின்றன என்பதுதான் வேதனை.

குளிர்சாதனம் என்பது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்கிற கருத்து நமது பொதுவாழ்வில் இன்னும் வேரூன்றி இருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 2010 மே மாதம் ஆமதாபாதைத் தாக்கிய வெப்ப அலையில், வழக்கமான எண்ணிக்கையைவிட 1,300-க்கும் அதிகமான மரணங்கள் நிகழ்ந்ததாகப் பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் பிறகுதான், 2013-இல் அந்த நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனியொரு செயல்திட்டத்தை வகுத்தது. வட இந்தியாவின் மே மாத வறண்ட காற்றில் 'கூலர்' கைகொடுக்கும். பருவமழை வந்து காற்றில் ஈரப்பதம் கூடிவிட்டால் அதுவும் பயனற்றுப் போகிறது. முதியவர்களும் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில், இரவில் உறங்குவதற்கு ஓர் அறையாவது குளிர்ச்சியாக இருப்பது உயிர் காக்கும் தேவையாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்கத் தேவையில்லை.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்ச்சி செயல்திட்டத்தின்படி, அப்போது நாட்டில் ஏறத்தாழ 8 சதவீத வீடுகளில் மட்டுமே குளிர்சாதன வசதி இருந்தது. இப்போது ஆண்டொன்றுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான இயந்திரங்கள் விற்பனையாகின்றன. 2050-இல் இந்தியாவில் சுமார் 110 கோடி இயந்திரங்கள் இருக்கும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018-இல் கணித்தது. நமது மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நிலக்கரியிலிருந்து கிடைப்பது. குளிர்ச்சிக்காக நிலக்கரியை எரித்து, அதனால் பூமியின் வெப்பத்தைக் கூட்டி, அந்த வெப்பத்தைத் தணிக்க மேலும் நிலக்கரியை எரிக்கும் சுழலில் நாம் சிக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சூழலில் மத்திய அரசு எடுத்த இரண்டு முடிவுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 'பிரதமரின் சூரிய வீடு' திட்டம். ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகளைப் பொருத்த ரூ.75,021 கோடி ஒதுக்கப்பட்டது. ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000 என்று மானியம் நிர்ணயிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு முடிவதற்குள் 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இதனால் பயன்பெற்றுவிட்டன. குஜராத்தும் மகாராஷ்டிரமும் முன்வரிசையில் நிற்கின்றன. தில்லி அரசும் 2025-இல், மூன்று கிலோவாட் அமைப்புக்குத் தன் பங்காக மேலும் ரூ.30,000 தர முடிவு செய்தது.

இரண்டாவது, 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த வரிக் குறைப்பு. சூரிய மின்சாதனங்கள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், குளிர்சாதன இயந்திரங்கள் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. இரண்டுமே வரவேற்கத்தக்க முடிவுகள்தான். ஆனால், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஐந்து நட்சத்திர இயந்திரத்துக்கும், மின்சாரத்தை விழுங்கும் தரம் குறைந்த இயந்திரத்துக்கும் ஒரே வரி, ஒரே சலுகை! கூரையில் தகடு பொருத்த மானியம் தரும் அரசு, அந்த மின்சாரம் கீழே எந்த இயந்திரத்துக்குப் போகிறது என்று கேட்பதில்லை.

இதைக் கேட்க வேண்டியது ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். ஒரு கிலோவாட் சூரிய மின்தகடுகளுக்குக் கூரையில் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். தில்லி போன்ற நகரத்தில் அது ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். இரண்டு கிலோவாட் என்றால் 8 யூனிட். கோடை வெயில் சுட்டெரிக்கிறதே, உற்பத்தி பெருகாதா என்று கேட்கலாம். சூரியத் தகட்டுக்கு வெளிச்சம்தான் தேவையே தவிர, வெப்பம் அல்ல. தகட்டின் வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மே மாத நண்பகலில் தகடு 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது பத்து சதவீதத்துக்கும் மேல் இழப்பு. ராஜஸ்தானிலிருந்து வீசும் புழுதி படிந்து, துடைக்கப்படாமல் விட்டால் அதனால் வரும் இழப்பு தனி.

இனி, செலவுக் கணக்கு. ஒரு டன் திறன் என்பது, ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் அளவு, அதாவது 3.5 கிலோவாட். பல வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஒன்றரை டன் இயந்திரம், கம்ப்ரசர் ஓடும் நேரமெல்லாம் ஏறத்தாழ 1.8 கிலோவாட் மின்சாரத்தை இழுக்கும். கொளுத்தும் கோடையில் எட்டு மணி நேரம் அதை இயக்கினால், இடையிடையே நின்று ஓடினாலும் 10 முதல் 12 யூனிட் செலவாகும். இரண்டு கிலோவாட் கூரையின் ஒரு நாள் உற்பத்தி முழுவதையும் விழுங்கிவிட்டு, அது மேலும் கேட்கும்.

இன்வெர்ட்டர் வகையைச் சேர்ந்த ஐந்து நட்சத்திர இயந்திரம் வேறு விதமானது. அறை குளிர்ந்தவுடன் அதன் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, சில நூறு வாட் மின்சாரத்திலேயே குளிர்ச்சியை நிலைநிறுத்தும். தொடங்கும்போது பழைய இயந்திரத்தைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரே நொடியில் கேட்டு, சிறிய சூரிய மின் அமைப்பைத் திணறடிப்பதும் இல்லை. வெயில் நேரடியாகத் தாக்காத 120 சதுர அடி படுக்கையறைக்கு ஒரு டன் இயந்திரம் போதுமானது. அதை எட்டு மணி நேரம் இயக்க 4 முதல் 5 யூனிட் ஆகும். அதே இரண்டு கிலோவாட் கூரை இதைத் தாங்கிக்கொண்டு, மின்விசிறிக்கும் விளக்குக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் மீதம் வைக்கும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாளொன்றுக்கு ஆறு யூனிட். அந்த ஆறு யூனிட்டைக் கூரையில் தயாரிக்க வேண்டுமானால், கூடுதலாக ஒன்றரை கிலோவாட் தகடுகள் தேவை. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு மானியத்தைக் கணக்கிட அரசே வைத்திருக்கும் அளவுகோல், கிலோவாட்டுக்கு ரூ.50,000. ஆக, சிக்கனம் இல்லாத இயந்திரத்துக்குத் தீனி போட எழுபத்தையாயிரம் ரூபாய் அளவுக்குத் தகடுகளும், 150 சதுர அடிக் கூரையும் கூடுதலாக வேண்டும். புதிதாக வாங்கும்போது மூன்று நட்சத்திர இயந்திரத்துக்கும் ஐந்து நட்சத்திர இயந்திரத்துக்கும் உள்ள விலை வித்தியாசமோ சில ஆயிரம் ரூபாய் மட்டுமே. எங்கே செலவிடும் ரூபாய்க்குப் பலன் அதிகம் என்பதை விளக்கப் பொருளாதார நிபுணர் தேவையில்லை.

பகலில் சூரியன், சரி. இரவில் என்ன செய்வது என்கிற கேள்வி நியாயமானது. பெரும்பாலான வீடுகளில் குளிர்சாதனம் இயங்குவது இரவில்தான். பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குக் கொடுத்துவிட்டு, இரவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, நிகரப் பயன்பாட்டுக்கு மட்டும் கட்டணம் செலுத்தும் 'நெட் மீட்டரிங்' முறை இதற்குத்தான் இருக்கிறது. 10 கிலோவாட் வரையிலான வீட்டு அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024 பிப்ரவரியில் மத்திய மின்துறை விதிகளைத் திருத்தியதும் நல்ல முடிவுதான்.

வீட்டின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் நேராகிவிடலாம். நாட்டின் கணக்கில் அப்படி நேராவதில்லை. நள்ளிரவில் கோடிக்கணக்கான இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது அந்த மின்சாரத்தைத் தருவது சூரியன் அல்ல, பெரும்பாலும் நிலக்கரிதான். நண்பகலில் உபரி, நள்ளிரவில் பற்றாக்குறை என்கிற நிலைமை நமது மின்கட்டமைப்பின் புதிய தலைவலியாக உருவெடுத்திருக்கிறது. எனவே, இரவில்தான் சிக்கனம் இன்னும் முக்கியமாகிறது. இரவில் 4 யூனிட் கேட்கும் இயந்திரத்துக்குச் சிறிய லித்தியம் பேட்டரி போதும். 12 யூனிட் கேட்கும் இயந்திரத்துக்கு அதைப்போல மூன்று மடங்கு பேட்டரி வேண்டும். சூரிய வீடு திட்டத்தின் மானியம் தகடுகளின் திறனை வைத்தே கணக்கிடப்படுகிறது; பேட்டரியின் செலவு குடும்பத்தின் தலையில்தான்.

இன்னோர் உண்மையும் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. மின்தடை ஏற்பட்டால், மின்கட்டமைப்புடன் இணைந்த சாதாரண சூரிய மின் அமைப்பும் உடனே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடு அது. மின்தடையின்போதும் இயங்க வேண்டுமானால் பேட்டரியும், அதற்கேற்ற ஹைபிரிட் வகை இன்வெர்ட்டரும் தேவை. கடன் வாங்கிக் கூரையில் தகடு பொருத்திய ஒருவர், உச்சி வெயிலில் மின்தடை வரும்போதுதான் இதை அறிந்து ஏமாறுகிறார் என்றால், அதற்கு விற்பவர் மட்டுமல்ல, திட்டத்தை விளம்பரப்படுத்தும் அரசும் பொறுப்பு.

இயந்திரத்துக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது வீடு. நாள் முழுவதும் வெயிலை வாங்கும் கான்கிரீட் தளம், நள்ளிரவு வரை அந்த வெப்பத்தை அறைக்குள் உமிழ்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, மேற்குச் ஜன்னலுக்கு ஒரு நிழல், கதவிடுக்குகளை அடைப்பது போன்ற எளிய வேலைகளே இயந்திரத்தின் சுமையைக் கணிசமாகக் குறைக்கும். சூரியத் தகடுகளே கூரைக்கு நிழல் தருவது கூடுதல் நன்மை. 2018-இல் வீடுகளுக்கான எரிசக்திக் கட்டட விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. 2023-இல் தெலங்கானா குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. காகிதத்தில் வழி இருக்கிறது. நகராட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதிக்காக வரிசையில் நிற்பவரிடம் அதைப் பற்றிப் பேசுவோர்தான் இல்லை.

பயன்படுத்தும் பழக்கமும் மாற வேண்டும். இயந்திரத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. புதிய இயந்திரங்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. 20 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாதபடி வரம்பு கொண்டுவரப் போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் அறிவித்தபோது, வீட்டுக்குள்ளும் அரசு நுழைகிறதே என்று எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 26 டிகிரியில் வைத்துவிட்டு மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால், உடலுக்கும் நல்லது, கூரைக்கும் தாங்கும். கட்டாயத்தைவிட, தன் கூரையின் மின்சாரம் எவ்வளவு என்று தெரிந்த குடும்பத்தின் சுயகட்டுப்பாடு அதிகப் பலன் தரும்.

சிக்கனமான இயந்திரத்தைச் சாமானியனின் எட்டும் விலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தில், அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். கோடிக்கணக்கான எல்.இ.டி. விளக்குகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் ரூ.310 ஆக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் ரூ.38 ஆகச் சரிந்தது. 36 கோடிக்கும் அதிகமான விளக்குகள் வீடுகளைச் சென்றடைந்தன. அதே நிறுவனம் 2019-இல் அதிசிக்கன ஏ.சி. இயந்திரங்களைச் சந்தை விலையைவிடக் குறைவாகத் தரத் தொடங்கியது. ஆனால், அது விளக்கைப்போல வீட்டுக்கு வீடு பரவவில்லை. தற்போதைய இயந்திரங்களைவிட ஐந்து மடங்கு குறைந்த பருவநிலைப் பாதிப்புள்ள மாதிரிகளை உருவாக்குவோருக்காக இந்திய அரசும் சேர்ந்து 2018-இல் அறிவித்த உலகக் குளிர்ச்சிப் பரிசு, 2021-இல் இரண்டு குழுக்களுக்கு வழங்கப்பட்டது. பரிசளித்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணிவிட்டோமோ என்று சந்தேகிக்கத் தோன்றுகிறது.

இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. கூரையே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தில்லியிலும் மும்பையிலும் பல லட்சம் குடும்பங்கள் வாடகை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கின்றன. மொட்டைமாடியை ஒட்டிய அறையில் குடியிருப்பவர்தான் வெப்பத்தை அதிகம் அனுபவிக்கிறார். அந்த மாடியோ வீட்டுக்காரருக்குச் சொந்தம். வேறோர் இடத்தில் உள்ள சூரிய மின் நிலையத்தில் பங்கு பெற்று, அதன் உற்பத்தியைத் தன் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் வழிமுறையை தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே வகுத்தது. எல்லா மாநிலங்களிலும் அது எளிதாக்கப்படாவிட்டால், சொந்தக் கூரை உள்ளவர் மானியத்துடன் மின்கட்டணத்திலிருந்து விடுபடுவார். மின் விநியோக நிறுவனம் இழக்கும் வருவாயின் சுமை, கூரையில்லாதவர் செலுத்தும் கட்டணத்தில் ஏறும். 2022-க்குள் கூரைகளில் 40,000 மெகாவாட் என்று நாம் நிர்ணயித்த இலக்கில் பாதியைக்கூட அந்த ஆண்டு எட்டவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சூரிய மின்தகட்டுக்கான விண்ணப்பத்துடனேயே, வீட்டின் அளவுக்கேற்ற சிக்கனமான குளிர்சாதன இயந்திரத்தையும் மொத்தக் கொள்முதல் விலையில், பழையதை ஒப்படைத்துவிட்டு வாங்கும் வசதி வேண்டும். ஐந்து நட்சத்திர இயந்திரங்களுக்கு மற்றவற்றைவிடக் குறைந்த ஜி.எஸ்.டி. விதிக்கப்பட வேண்டும். கூடுதல் தகடுகளுக்குத் தரும் மானியத்தின் ஒரு பகுதியைச் சிறிய பேட்டரிகளுக்கும், ஏழைகளின் கூரைகளுக்கான வெள்ளைப் பூச்சுக்கும் திருப்பிவிடலாம். கூரையில்லாதவர்களுக்குச் சூரிய மின்சாரத்தில் பங்கு கிடைப்பது சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மின்துறை, புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை, நகர்ப்புற வளர்ச்சித் துறை, நிதித் துறை ஆகிய நான்கும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும்.

சூரியன் யாருக்கும் மின்கட்டணச் சீட்டு அனுப்புவதில்லை என்பது உண்மைதான். ஆனால், சூரியன் தருவதைச் சேமித்து வைக்கும் கூரைக்கு ஓர் அளவு உண்டு. ஓட்டைப் பானையை வைத்துக்கொண்டு கிணற்றை ஆழப்படுத்துவது அறிவுடைமை ஆகாது. முதலில் பானையை அடைப்போம்!